பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடச் சொல்றதுக்கு முன்னாடி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்புல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாப்ட்டோட வழக்கமான ஆதரவு முடிஞ்சிருச்சு, அதனால தமிழ்ப்பள்ளியிலயும் சங்கங்கள்லயும் இருக்கிற பழைய கம்ப்யூட்டரை எல்லாம் கழிச்சுட்டு புதுசு வாங்க நன்கொடை திரட்டணும்னு. நல்ல மனசோட எழுதியிருக்காரு, அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா எங்க ஊர்ல நன்கொடை புத்தகம் எடுத்துக்கிட்டு கடை கடையா ஏறி இறங்குனவ நான். ஒரு கம்ப்யூட்டருக்கு உண்டான காசு எத்தனை பேர் பையில இருந்து அஞ்சு வெள்ளி (ரிங்கிட்) பத்து வெள்ளியா வருதுன்னு எனக்குத் தெரியும். அந்த மெஷின் எல்லாம் இன்னும் வேலை செய்யும், அதுல நாங்க என்ன பண்றோம்னு சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமா போனாலும் தயவுசெஞ்சு வெட்டாம போடுங்க.

நான் மலேசியாவுல, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்ல இருக்கேன். அப்பா ரப்பர் தோட்டத்துல மண்டோர், அதாவது ஆளுங்களை மேற்பார்வை பாக்குறவரு, அம்மா பால்மரம் வெட்டுனாங்க. எஸ்பிஎம் (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) முடிச்சதும் நான் தோட்டத்து ஆபீஸ்ல செக்ரோல், அதாவது ஆளுங்களோட கூலிப் பதிவேடு எழுதுற வேலைக்குப் போனேன். அப்புறம் பால்மரத்தை எல்லாம் சாய்ச்சுட்டு செம்பனை போட்டாங்க, லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருந்தவங்க ஆளுக்கொரு பக்கம் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்துட்டோம். இப்ப டவுன்ல நாலஞ்சு கடைக்கு கணக்கு எழுதுறேன். பழைய தோட்டத்து ஆளுங்க சேந்து நடத்துற மரண சகாய நிதிக்கு நான்தான் செயலாளர். இருநூத்துச் சொச்சம் குடும்பம், மாசம் 5 வெள்ளி சந்தா. யாராவது தவறிட்டா அன்னைக்கே வீட்டுக்குப் பணம் போய்ச் சேரணும், கணக்கு தப்பக்கூடாது, பேரு தப்பக்கூடாது.

இந்தக் கணக்கை நான் வச்சிருக்கிறது நியூலிஸ்ப்னு ஒரு சின்ன நிரல் மொழியில, லிஸ்ப்ங்கிற பழைய மொழியோட ஒரு வகை அது, அதுல எழுதுற கட்டளை ஃபைலைத்தான் ஸ்கிரிப்ட்னு சொல்றேன். லிஸ்ப்னா புதுசு இல்லீங்க, 1958-ல அமெரிக்காவுல எம்ஐடியில ஜான் மெக்கார்த்தி ஆரம்பிச்சது, நாம பொறக்குறதுக்கு முந்தி வந்த மொழி, இன்னும் உயிரோட இருக்கு. எனக்கு அதுல ஒட்டுதல் எப்படி வந்துச்சுன்னா, தோட்டத்துல மறுநடவு நேரத்துல நிலம் அளக்க ஒரு சர்வேயர் அண்ணன் வந்தாரு, ஆட்டோகேட்ல வரைபடம் போடுவாரு. அதுக்குள்ளயே ஆட்டோலிஸ்ப்னு ஒண்ணு இருக்கு, 1986-ல இருந்தே இருக்கு. அவரு நாலு வரி எழுதுவாரு, ஒவ்வொரு பத்தையோட பரப்பளவும் தானா வந்து விழும். ஒரே அடைப்புக்குறியா இருக்கே அண்ணேன்னு கேட்டேன், "நீ எழுதுற செக்ரோல் மாதிரிதாம்மா"ன்னாரு. அந்த ஒரு பேச்சுல எனக்குப் பிடிபட்டுருச்சு.

செக்ரோலைப் பாத்தவங்களுக்குத் தெரியும். டிவிஷனுக்குள்ள மண்டோரு, மண்டோருக்கு கீழ ஆளுங்க, ஆளுக்கு எதிர்ல நாள் கூலி. லிஸ்ட்டுக்குள்ள லிஸ்ட். லிஸ்ப்னா அதேதான். காலையில பெரட்டுல (ஆளுங்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துல) அப்பா நின்னு "மருந்தடிக்க, முனியாண்டி, ராசம்மா, சிவா"ன்னு கூப்பிடுவாரு, முதல்ல வேலை, அதுக்குப் பின்னாடி ஆளுங்க. லிஸ்ப்ல (+ 5 5 5) னு எழுதுனா முதல்ல கூட்டல்ங்கிற வேலை, பின்னாடி மூணு அஞ்சு, பதில் 15. தமிழ்ல நமக்கு வினை கடைசியில வரும், இதுல முதல்ல வருது, அவ்வளவுதான் பழகிக்க வேண்டியது. நாம எழுதுற வேலைக்கு பேரும் நாமே வைக்கலாம், தமிழ்லயே வைக்கலாம். என் ஃபைல்ல (பாக்கி "கமலா" 2025) னு அடிச்சா அந்த வருசம் கமலா எவ்வளவு பாக்கின்னு வரும். எங்க பொருளாளருக்கு வயசு எழுபதுக்கு மேல, இங்கிலீஷ் தெரியாது, அவரே அடிச்சுப் பாக்குறாரு.

ஏன் நியூலிஸ்ப், வேற எத்தனையோ இருக்கேன்னு கேப்பாங்க. லுட்ஸ் முல்லர்ங்கிறவரு 1991-ல ஆரம்பிச்சது, ஜிபிஎல்ங்கிற திறந்த உரிமத்துல இலவசம், சோர்ஸ் கோடும் (மூல நிரலும்) கையில கிடைக்கும். மொத்த மொழியும் சில நூறு கேபிதான், நம்ம போன்ல எடுக்குற ஒரு போட்டோ அதைவிட பல மடங்கு பெருசு. பென் டிரைவ்ல போட்டு எடுத்துக்கிட்டுப் போகலாம். விண்டோஸ்லயும் ஓடும், விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கிடைக்கிற லினக்ஸ்லயும் ஓடும், மேக்லயும் ஓடும். பைத்தான்னு இன்னொரு நிரல் மொழி இருக்கு, நல்ல மொழி, நான் குறை சொல்லல, அதுல தமிழ் எழுத்தைக் கையாள ஓப்பன் தமிழ்னு அருமையான லைப்ரரியே (தயார் நிரல் தொகுப்பு) இருக்கு, ஆனா பைத்தான் 3.9-ல இருந்து விண்டோஸ் 7-ல ஓடாது. எங்க நிதியோட லேப்டாப் விண்டோஸ் 7. இன்டர்நெட்டே இல்லாம கணக்குக்கு மட்டும் வச்சிருக்கோம், அதனால பயமில்லாம ஓடுது. பிள்ளைங்களுக்கு கிடைச்ச பழைய மெஷின்ல எல்லாம் லினக்ஸ் ஏத்திட்டோம். என் தங்கச்சி மக ஈப்போவுல இருந்து வரப்ப மேக் கொண்டாருவா. மூணு வகை மெஷின், ஒரே ஸ்கிரிப்ட்.

மெமரி விசயத்துலயும் இது சின்ன மெஷினுக்கு ஏத்தது. ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஒரு சொந்தக்காரன்தான்னு ஒரு சட்டம் வச்சிருக்காங்க, வேலை முடிஞ்ச உடனே அந்த இடம் காலியாயிரும், குப்பை கூட்ட தனியா ஒருத்தன் இடையில வந்து நிறுத்துறது கிடையாது. அதுக்கு ஒரு விலையும் உண்டு, பெரிய லிஸ்ட்டை ஒரு வேலைக்குக் குடுத்தா முழுசா ஒரு நகல் எடுக்கும், அதைத் தவிர்க்க காண்டெக்ஸ்ட்ங்கிற பெட்டியில போட்டு அனுப்பணும். இதைத் தெரிஞ்சுக்காம எழுதிட்டு மொழி மெதுவா இருக்குன்னு சொல்லக் கூடாது.

இப்ப ஒரே ஸ்கிரிப்ட்னு சொன்னேன் இல்ல, அது லேசா வந்ததில்லீங்க. அதைத்தான் விவரமா சொல்லணும், ஏன்னா இதே வேலையை வேற ஊர்ல செய்யப் போறவங்க இதே குழியில விழுவாங்க.

முதல்ல வரி முடிவு. விண்டோஸ் நோட்பேட்ல அடிச்ச ஃபைல்ல ஒவ்வொரு வரி முடிவுலயும் கண்ணுக்குத் தெரியாத ரெண்டு குறி இருக்கும், லினக்ஸ்லயும் மேக்லயும் ஒரு குறிதான். வரிவரியா உடைக்கிறப்ப அந்தக் கூடுதல் குறி பேரோட வாலுல ஒட்டிக்கும். பாக்க ஒரே பேரு, ஒப்பிட்டா வேற வேற. அன்னைக்கு எல்லாருமே சந்தா கட்டாத மாதிரி வந்துச்சு, அதனால உடனே தெரிஞ்சு போச்சு, உடைக்கிற இடத்துல ரெண்டு வகையும் ஏத்துக்கிற மாதிரி மாத்துனேன், முடிஞ்சுது.

ரெண்டாவது வந்ததுதான் என்னை அழ வச்சது. பழைய விண்டோஸ் நோட்பேட்ல யூடிஎஃப்-8-ன்னு (எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கிற முறை) சேவ் பண்ணா ஃபைலோட தலையில மூணு பைட் (சேமிப்போட சின்ன அலகு) அடையாளம் ஒண்ணு தானா வைக்கும். பின்னாடி விண்டோஸ் 10-ல 2019-ல வந்த அப்டேட்ல இருந்துதான் அதை விட்டாங்க. அந்த மூணு பைட் ஃபைல்ல முதல்ல இருக்குற பேரோட மட்டும் ஒட்டும். எங்க பட்டியல்ல முதல் பேரு ஒரு பாட்டி, கிட்டத்தட்ட எம்பது வயசு, ஒரு மாசம் தவறாம கட்டுறவங்க. அவங்க ஒருத்தருக்கு மட்டும் 60 வெள்ளி பாக்கின்னு வந்துச்சு, நான் பட்டியலை நம்பி கடுதாசி அனுப்பிட்டேன். மத்தியானம் மழையில, துணியில சுத்தி வச்சிருந்த பன்னெண்டு மாச ரசீதையும் எடுத்துக்கிட்டு நடந்தே வந்தாங்க. "நான் ஏமாத்த மாட்டேம்மா"ன்னாங்க. அவங்க காலைத் தொட்டு மன்னிப்பு கேட்டேன். அன்னைக்கு ராத்திரியே உக்காந்து ஒவ்வொரு பைட்டா எண்ணிப் பாத்துதான் கண்டுபிடிச்சேன். இப்ப எந்த ஃபைலைத் திறந்தாலும் முதல் வேலை அந்த மூணு பைட் இருந்தா எடுத்துப் போடுறது. எல்லாப் பேரும் தப்பா வந்தா யாரும் நம்ப மாட்டாங்க, ஒரே ஒரு பேரு தப்பா வந்தா எல்லாரும் நம்பிருவாங்க, அதுதான் கணக்குல ரொம்ப மோசம்.

அப்புறம் சின்னச் சின்னதா நிறைய. விண்டோஸ்ல ஃபோல்டர் பாதை எழுத சாய்ஞ்ச கோட்டை பின்பக்கமா போடுவோம், மேற்கோளுக்குள்ள அந்தக் கோட்டுக்கு அடுத்து இங்கிலீஷ் டி (t) எழுத்து வந்தா நியூலிஸ்ப் அதை டேப்னு (இடைவெளிக் குறின்னு) எடுத்துக்கும், என் ஃபோல்டர் பேரே இங்கிலீஷ்ல தமிழ்னுதான் இருந்துச்சு, பாதை எங்கயோ போயிருச்சு. முன்பக்கம் சாயுற கோடு போட்டா மூணு மெஷின்லயும் ஓடும், விண்டோஸ்லயும் ஓடும், அதையே போடுங்க. ஃபைல் பேர்ல முதல் எழுத்து பெருசா சின்னதான்னு விண்டோஸ் பாக்காது, லினக்ஸ் பாக்கும். விண்டோஸோட கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னல்ல தமிழ் கட்டம் கட்டமா உடைஞ்சு வரும், அதோட மல்லுக்கு நிக்க வேணாம், பதிலை ஒரு வெப் பக்கமா எழுதச் சொல்லி ப்ரவுசர்ல திறந்துட்டா எங்கயும் தமிழ் ஒழுங்கா தெரியும், அப்படியே பிரிண்டும் எடுத்துக்கலாம்.

இதுல ஒண்ணை மட்டும் கட்டாயம் ஞாபகம் வச்சுக்கணும், நியூலிஸ்ப்பை யூடிஎஃப்-8 சேத்தும் கட்டலாம், சேக்காமயும் கட்டலாம். பிள்ளைங்க மெஷின் ஒண்ணுல சேக்காததை ஏத்தியிருந்தோம், "தமிழ்"னு ஒரு சொல்லை உடைக்கச் சொன்னா 15 துண்டா வந்துச்சு, ஏன்னா ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூடிஎஃப்-8-ல மூணு பைட். சரியானதை ஏத்துனா 5 துண்டு வருது, த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஆனா நாம எண்ணுனா மூணு எழுத்துதானே, த, மி, ழ்.

இங்கதான் மொழியை நாம சீர்படுத்த வேண்டிய இடம் வருது. மொழியை எழுதுனவரு தமிழுக்காக எழுதல, அது அவரு குத்தமும் இல்ல. அஞ்சை மூணாக்கணும்னா, குறியோ புள்ளியோ வந்தா அதை முந்தின எழுத்தோட சேத்துரு, அவ்வளவுதான் விதி, லக்ஷ்மியில வர்ற க்ஷ-வுக்கும் ஸ்ரீக்கும் மட்டும் தனியா ரெண்டு வரி. மொத்தமா நாப்பது வரிக்குள்ள முடிஞ்சுது. இன்னொண்ணு, கோவிந்தம்மாவுல வர்ற கோ-வை ரெண்டு விதமா சேமிக்கலாம், ஓகாரக் குறி ஒண்ணாவும் இருக்கலாம், முன்னாடி இரட்டைக் கொம்பு பின்னாடி கால்னு ரெண்டாவும் இருக்கலாம், எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்குற உலகத் தரமான யூனிகோடு ரெண்டையும் ஒண்ணுன்னுதான் சொல்லுது, ஆனா பைட் வேற. 2017-க்கு முந்தின மேக்ல ஃபைல் பேரையே இப்படிப் பிரிச்சுதான் வைக்கும், தங்கச்சி மக பழைய மேக்ல கோயில் வரவுன்னு பேரு வச்ச ஃபைலை ஸ்கிரிப்ட் கண்டுபிடிக்காம போனதுக்கு அதுதான் காரணம். இதையும் ஒரே மாதிரி ஆக்குற நாலு வரி சேத்தோம். சௌந்தரியில ள-வைப் போட்டு அடிக்கிறவங்க நிறைய, அது அடிக்கிறவங்க தப்பு, அதை எந்த விதியும் திருத்தாது, நாமதான் சொல்லிக் குடுக்கணும்.

வரிசைப்படுத்துறது இன்னும் சுவாரசியம். ஆண்டுக் கூட்டத்துல பேரு வாசிச்சேன், கமலாவோட வீட்டுக்காரரு எழுந்து என்னம்மா என் சம்சாரம் பேரு வரவே இல்லையேன்னாரு, பாத்தா கன்னியம்மாவுக்கு அப்புறம் இருக்கு. ஜானகி வேற தனலட்சுமிக்கு முன்னாடி வந்து நிக்கிறாங்க. சனிக்கிழமை பிள்ளைங்களுக்கு சங்க மண்டபத்துல இதைச் சொல்லிக் குடுக்குறப்ப அதே பட்டியலைத் திரையில போட்டேன், அஞ்சாம் ஆண்டு படிக்கிற பொண்ணு ஒண்ணு, "ஆன்ட்டி, ம முன்னாடி வரணும், ன கடைசி எழுத்து, இந்த மெஷினுக்கு வாய்ப்பாடு தெரியல"ன்னா. அது சொன்னது நூத்துக்கு நூறு சரி. யூனிகோட்டுல ந-வுக்கு அடுத்தே ன-வை வச்சிருக்காங்க, வ-வுக்கு முன்னாடியே ற, ள, ழ எல்லாம் வந்துரும், ச-வுக்குப் பக்கத்துல ஜ. புள்ளி எல்லா உயிர்க்குறிக்கும் பின்னாடி இருக்கு, நம்ம முறையில த் வந்த பிறகுதான் த, அதனால முத்தம்மாவும் முதலியாரும் இடம் மாறிப் போயிருவாங்க.

அந்தப் பொண்ணையே வச்சுதான் சரி பண்ணோம். பள்ளியில படிக்கிற 247 எழுத்துக்கும் வரிசையா நம்பர் குடுத்தோம், அ 1, ஆ 2, ஃ 13, க் 14, அப்படியே போயி னௌ 247. அதுக்கு அப்புறம் ஜ, ஷ, ஸ, ஹ வரிசை. பேரை எழுத்தெழுத்தா உடைச்சு நம்பர் லிஸ்ட்டா மாத்தி ஒப்பிடச் சொன்னா கமலா முன்னாடி வந்துட்டாங்க. நியூலிஸ்ப்ல வரிசைப்படுத்துறப்ப எப்படி ஒப்பிடணும்னு நாமளே ஒரு வேலையை எழுதிக் குடுக்கலாம், அந்த வசதி இருக்கப் போயிதான் மொழியோட உள்ளே கை வைக்காம முடிஞ்சுது. எட்டுப் பிள்ளைங்க உக்காந்திருந்தாங்க, ஒருத்தர் கூட வீட்டுக்குப் போகணும்னு கேக்கல. அவங்க வாய்ப்பாடா மனப்பாடம் பண்ண 247-ஐ ஒரு மெஷினுக்குச் சொல்லிக் குடுத்ததுல அவ்வளவு சந்தோசம் அவங்களுக்கு.

இன்னும் ஒரு தப்பை மறைக்காம சொல்றேன், வேற யாரும் செய்யக் கூடாதுன்னுதான். ஒரு வேலைக்குள்ள மட்டும் வச்சுக்க வேண்டிய பேரை உள்பேருன்னு அறிவிக்காம விட்டா அது எல்லாருக்கும் பொதுவாயிரும். ரெண்டு வேலையிலயும் தொகைன்னு ஒரே பேரு வச்சிருந்தேன், ஒண்ணு இன்னொண்ணை அழிச்சுருச்சு. அதுக்கு அப்புறம்தான் ஒரு பழக்கம் வச்சோம், பத்துப் பேரை மட்டும் வச்சு ஒரு சோதனைப் பட்டியல், சரியான பதில் என்னன்னு கையால கணக்குப் போட்டு எழுதி வச்சிருக்கோம், ஸ்கிரிப்ட்ல ஒரு வரி மாத்துனாலும் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூணுலயும் ஓட்டி அதோட ஒத்துப் பாக்காம பென் டிரைவ்ல ஏத்துறதில்ல. எந்த மெஷின்ல ஓடுதுன்னு மொழிக்கே தெரியும், கேட்டா சொல்லும், அதனால மெஷினுக்கு ஏத்த மாதிரி மாற வேண்டிய ரெண்டே ரெண்டு இடத்தை மட்டும் தனி ஃபைல்ல வச்சுட்டோம். முடிஞ்சதை மொழியோட சேத்து ஒரே புரோகிராமா ஒட்டிக் குடுக்கவும் வசதி இருக்கு, பொருளாளர் வீட்டு மெஷின்ல எதையும் இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுது.

அந்த வாசகருக்கு நான் சொல்ல வர்றது இதுதான். நம்ம நாட்டுல முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு மென்பொருளை எழுத ஆரம்பிச்சாரு, அப்ப இருந்த மெஷினோட ஒப்பிட்டா இன்னைக்கு நாம கழிச்சுக் கட்டச் சொல்ற மெஷின் எவ்வளவோ பெருசு. அப்ப யாராவது நல்ல கம்ப்யூட்டர் வரட்டும் அப்புறம் பாக்கலாம்னு இருந்திருந்தா நமக்கு தமிழ் தட்டச்சு எப்ப வந்திருக்கும்? நாட்டுல ஐநூறுக்கு மேல தமிழ்ப்பள்ளி இருக்கு. எல்லாத்துக்கும் புது மெஷின் வாங்க காசு சேக்குறதுக்குள்ள இப்ப அஞ்சாம் ஆண்டு படிக்கிற பிள்ளை எஸ்பிஎம் எழுதிருவா. இருக்கிற மெஷின்ல லினக்ஸ் ஏத்துங்க, இன்டர்நெட் இல்லாட்டியும் பரவால்ல, ஒரு சின்ன மொழியை ஏத்துங்க, ஏன் லிஸ்ப்தான் வேணும்னு இல்ல, தமிழ்லயே நிரல் எழுத எழில்னு ஒரு மொழி கூட இருக்கு, எது கைக்கு வருதோ அதை எடுத்துக்குங்க. ஆனா உள்ளே திறந்து பாக்க முடியுற அளவுக்கு சின்னதா இருக்கணும், தப்புன்னு தெரிஞ்சா நாமளே திருத்த முடியணும். இதைத் திருத்தவும் தெரிஞ்ச பிள்ளைங்கதான் எனக்கு வேணும்.

உங்க பத்திரிகைகிட்ட ரெண்டு உதவி கேக்குறேன். ஞாயிறு மாணவர் பக்கத்துல மாசம் ஒரு தடவை கால் பக்கம் ஒதுக்குங்க, பிள்ளைங்க கண்டுபிடிச்ச தப்பை எழுதி அனுப்பட்டும். எந்த மெஷின், எந்தப் பதிப்பு, தப்பு வர்ற மாதிரி மூணே வரி நிரல், எதிர்பாத்த பதில் என்ன, வந்த பதில் என்ன, இவ்வளவு எழுதப் பழகிட்டா மொழியை எழுதுறவங்களுக்கு உலகத்துல எங்க இருந்தும் அனுப்பலாம், அவங்களும் மதிச்சு பதில் சொல்லுவாங்க. இன்னொண்ணு, நியூலிஸ்ப் கையேட்டுல சரங்களைப் பத்தின பகுதியை நானும் தங்கச்சி மகளும் தமிழ்ல எழுதிக்கிட்டிருக்கோம், ஸ்டிரிங்குக்கு சரம், லிஸ்ட்டுக்கு பட்டியல்னு சொல்லு போட்டாச்சு, அடைப்புக்குறிக்குள்ள முதல்ல வர்ற அந்த வேலைக்கு என்ன பேரு வைக்கலாம்னு இன்னும் முடிவாகல, செயற்கூறுன்னு சொன்னா பிள்ளைங்க முழிக்குதுங்க, வேலைன்னு சொன்னா உடனே புரியுது. உங்க வாசகர்கள்ல தமிழாசிரியர்கள் நிறைய பேரு இருக்காங்க, அவங்க யோசனை சொன்னா அடுத்த சனிக்கிழமைக்குள்ள அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துருவோம்.

இப்படிக்கு,
மரண சகாய நிதிச் செயலாளர், உங்கள் நெடுநாள் வாசகி
சுங்கை சிப்புட், பேராக்